நங்கூரக் கயிற்றோடு போன கெளுத்தி: ஒரு நிகழ்வு ஆய்வு

இரவு 9.41-க்கு மீன் இரையை எடுத்தது. 10.03-க்குத் தூண்டில் நரம்பு தொய்ந்து சும்மா வந்தது. நடுவில் இருபத்திரண்டு நிமிடம். படகில் இருந்த நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் என்ன செய்தோம், எதைச் செய்யாமல் விட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. மீன் மாட்டியதும் என் நண்பன் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். முதல் நான்கு நிமிடம் படமும் சத்தமும் இருக்கின்றன. அப்புறம் கைபேசியைப் பலகையில் போட்டுவிட்டான். அது வானத்தைப் பார்த்துக் கிடந்தது. படம் முழுக்கக் கறுப்பு, சத்தம் மட்டும் தெளிவு. அன்று நடந்த தவறுகளில் அவன் படம் பிடித்ததும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பதிவு இல்லாவிட்டால், "பெரிய மீனுப்பா, அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்போம்.

படகும் இடமும்

பதினான்கு அடி நீளம், தட்டையான அடி, அலுமினியப் படகு. பின்னால் ஒரு சின்ன மோட்டார். எங்கள் இருவர் எடையும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ இருக்கும். ஆறு திரும்பும் இடத்தில் வெளிக்கரையை ஓட்டம் அரித்து ஒரு மடு உண்டாகியிருக்கிறது. ஓட்டம் வரும் பக்கம், மடுவுக்குச் சற்று முன்னால் நாலு மீட்டர் ஆழத்தில் படகை நிறுத்தி, இரையை ஓட்டம் போகும் பக்கம் மடுவின் விளிம்பில் போட்டோம். பெரிய கெளுத்தி பகலில் மடுவின் அடியிலோ விழுந்த மரத்தின் அடியிலோ ஒண்டிக் கிடக்கும். இருட்டியதும் விளிம்புக்கு ஏறி வந்து மேயும். அதனால் மடுவின் நடுவை விட விளிம்புதான் நல்ல இடம்.

நங்கூரத்தை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில்தான் கட்டியிருந்தோம். அதில் தவறு இல்லை. பின்பக்கம் மோட்டார் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அங்கே நங்கூரத்தைக் கட்டினால் ஓட்டம் அதை இன்னும் அமுக்கித் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். கயிறும் ஆழத்தைப் போல ஆறு மடங்கு, 24 மீட்டர் விட்டிருந்தோம். கயிறு நீளமாகிச் சாய்வாக இழுத்தால்தான் நங்கூரம் தரையைக் கவ்வும். இதுவரை எல்லாம் ஒழுங்கு. இந்த ஒழுங்கே பின்னால் எப்படிக் காலை வாரியது என்பதற்கு வருகிறேன்.

நான்கு ராடு போட்டிருந்தோம். இரண்டு பேருக்கு நான்கு. எல்லாவற்றிலும் 50 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ தாங்கும் பின்னல் நரம்பு. முனையில், முள்ளுக்கு முன்னால் லீடர் என்று 60 சென்டிமீட்டருக்குத் தடித்த நைலான் துண்டு, 8/0 அளவு வட்ட முள், 150 கிராம் ஈயம். டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை, ஸ்பிரிங் தராசு வைத்து இழுத்துப் பார்த்து 6 கிலோவில் நிறுத்தியிருந்தோம். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கையால் இழுத்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்பவர்கள் ஒரு தடவை தராசு வைத்துப் பார்க்கட்டும். நான் பார்த்த அன்று எனக்கே வெட்கமாகிவிட்டது: கையால் வைத்த டிராக் இரண்டே கால் கிலோதான் காட்டியது.

8.20-க்கு ஒரு மீன் வந்து தட்டியது. நண்பன் ராடைப் பிடுங்கி ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். ஒன்றுமில்லை. வட்ட முள்ளுக்கு வெட்டக் கூடாது. அதன் கூர்முனை உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் இரையோடு திரும்பி நகரும்போது முள் வழுக்கிக்கொண்டே வந்து வாயோரத்தில் தானாக மாட்டும். நாம் அவசரப்பட்டுப் பிடுங்கினால் வாயிலிருந்து சும்மா உருவிக்கொண்டு வந்துவிடும். இது அவனுக்கும் தெரியும். தெரிந்தாலும் கை கேட்காது. சின்ன வயதிலிருந்து தக்கை முங்கினால் சுண்டிப் பழகிய கை அது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மனத்தாங்கல் கொஞ்சம் இருந்தது உண்மை. பேசாமல் இருந்ததும் நல்லதாயிற்று. கெளுத்தியின் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவே சிறு எலும்புகளின் வரிசை ஒன்று உண்டு. 1820-ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவ அறிஞர் வெபரின் பெயராலேயே இன்றும் அந்த அமைப்பை அழைக்கிறார்கள். காற்றுப்பையில் படும் அதிர்வை அது நேராகக் காதுக்குக் கொண்டுபோகும். அதனால் மற்றப் பல மீன்களுக்குக் கேட்காத ஒலியெல்லாம் இதற்குக் கேட்கும். நாம் மெல்லப் பேசுவது ஆபத்தில்லை. அலுமினியத் தரையில் ஈயக்கட்டி விழுந்தால் அது மேளச்சத்தம். மணத்தையும் சுவையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேனல் கெளுத்தி என்ற வட அமெரிக்க வகையின் மீசையிலும் தோலிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் இருக்கின்றன. உடம்பே நாக்கு. நாங்கள் இரையை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தது அதனால்தான்; ஊறி வெளுத்த துண்டில் சாறு மிஞ்சாது.

அந்த இருபத்திரண்டு நிமிடம்

ராடு நுனியில் கட்டியிருந்த பச்சை விளக்குக் குச்சி இரண்டு தடவை தலையாட்டியது. பிறகு அசைவில்லை. நான் கையை நீட்டினேன், தொடவில்லை. மூச்சை இழுத்துவிடும் நேரம் கழித்து, யாரோ நிதானமாகப் பிடித்துச் சாய்ப்பது போல ராடு தண்ணீரை நோக்கி வளைந்தது. ரீல் கத்தியது.

பதிவில் அடுத்த சத்தம் என் குரல். "பெருசுடா... டேய், பாத்துக்கோ, பாத்துக்கோ!"

அவன் பதில்: "பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன்!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தான், கைபேசித் திரை வழியாக.

பதிவை முழுக்கக் கேட்டு எண்ணினேன். அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் நான் ஒன்பது முறை "பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறேன். எதை என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. இன்று யோசித்தால், முதல் மூன்றும் மற்ற ராடுகளைப் பற்றி. ஒன்று வலையைப் பற்றி. ஒன்று படகு சாய்ந்தபோது. கடைசி நாலும் நங்கூரக் கயிற்றைப் பற்றி. என் மனசில் இருந்த அர்த்தம் அவனுக்கு எப்படித் தெரியும்? அவனும் ஒவ்வொரு முறையும் "சரி, சரி" என்றிருக்கிறான். அவன் எதற்குச் சரி சொன்னான் என்று அவனுக்கும் தெரியாது. பின்னால் கேட்டேன், "நீ பதறாம இருக்கணும்னு சொன்னேன்" என்றான்.

நான்காவது நிமிடத்தில் மீன் குறுக்கே ஓடி மற்ற இரண்டு நரம்புகளை வாரிச் சுருட்டியது. அவன் கைபேசியைப் போட்டுவிட்டு அவற்றைச் சுற்ற ஓடினான். ஒன்று வந்தது. மற்ற இரண்டும் என் நரம்போடு பின்னிக்கொண்டன. அதைப் பிரிக்க அவனுக்கு ஆறு நிமிடம் ஆயிற்று. அந்த ஆறு நிமிடம் மீன் மடுவில் கல்லைப் போல உட்கார்ந்திருந்தது. பதிவில் ரீல் சத்தமே இல்லை. நாங்கள் கையில் வைத்திருந்த நல்ல நேரம் முழுவதும் அதுதான். நங்கூரத்தை விடுவிக்க அவ்வளவு அவகாசம் பிறகு கிடைக்கவில்லை.

9.52-க்கு மீன் எழுந்தது. இந்த முறை கீழே ஓடவில்லை. படகை நோக்கி வந்து, அடியில் நுழைந்து, ஓட்டத்தை எதிர்த்து மேலே போனது. ராடு நுனி தண்ணீருக்குள் இழுபட, நான் அணியத்தைச் சுற்றி ராடைக் கொண்டுபோகப் பார்த்தேன். அப்போதுதான் நரம்பில் ஒரு கரகரப்பு கைக்குத் தெரிந்தது. அதுவரை இழுவை வழவழப்பாக இருந்தது. இது மரத்தை ரம்பம் அறுப்பது மாதிரி, விட்டு விட்டு வந்தது.

"கயிறு!" என்றான் அவன். அந்த இரவில் உருப்படியாகச் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவனும் அணியத்துக்கு வந்தான். நானும் அங்கேதான் நின்றேன். நூற்றைம்பது கிலோவும் இடது மூலையில். படகு சாய்ந்து விளிம்புக்கு மேலே தண்ணீர் உள்ளே வந்தது. பதிவில் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும், கருவிப்பெட்டி சறுக்கி மோதியதையும், நான் தொப்பென்று உட்கார்ந்ததையும் தனித்தனியாகக் கேட்கலாம். நான் திட்டமிட்டு உட்காரவில்லை, கால் வழுக்கியது. வழுக்காமல் நின்றிருந்தால் இருவரும் ஆற்றில் இருந்திருப்போம். லைஃப் ஜாக்கெட்டுகளா? இருந்தன. பலகை உறுத்துகிறது என்று மேலே போட்டு உட்கார்ந்திருந்தோம்.

அவன் நங்கூரக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். நான்தான் கட்டியது. பிடிகொம்பில் எட்டுப் போட்டுச் சுற்றி, பத்தாததற்கு மேலே மூன்று முடிச்சு. மூன்று மணி நேரம் ஓட்டம் இழுத்து இறுகிய ஈர நைலான் முடிச்சு நகத்துக்கு மசியுமா? "கத்தி எங்கடா?" என்றான். கத்தி இரை வைத்த பையின் அடியில் இருந்தது. அந்தப் பை பின்னால் இருந்தது. நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

10.03.

நரம்பு என்ன சொன்னது

திரும்பி வரும் வழியில் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிவிட்டு, பிறகு சேர்ந்து நரம்பைக் குறை சொன்னோம். அதுதான் வசதி. மட்டமான நரம்பு, இல்லையென்றால் மகா பெரிய மீன். மறுநாள் வெளிச்சத்தில் அறுந்த முனையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

முடிச்சு உருவியிருந்தால் முனை சுருள் சுருளாக இருக்கும். இங்கே சுருள் இல்லை. எடை தாங்காமல் அறுந்தால் ஓரிடத்தில் சட்டென்று போகும், பெரும்பாலும் முடிச்சுக்கு அருகில், ஏனென்றால் நரம்பு பலவீனமாக இருப்பது அங்கேதான். எங்கள் நரம்பில் முனையிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மீட்டருக்குப் பஞ்சு பஞ்சாக இழை எழும்பியிருந்தது. விரலால் உருவினால் பூனை முதுகு மாதிரி இருந்தது. நடுவில் ஓரிடத்தில் பாதி இழைகள்தான் மிச்சம்.

மீனின் பல்லா? கெளுத்திக்குக் கூர்ப்பல் கிடையாது, தாடையில் உப்புத்தாள் போல ஒரு பட்டை இருக்கும். அது நரம்பைத் தேய்க்கக்கூடியதுதான். லீடர் போடுவதே அதற்காக. ஆனால் எங்கள் நரம்பு பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுவது. முதல் நிறத்தில் மூன்று மீட்டர் ரீலில் மிச்சம் இருந்தது. ஆக, அறுந்த இடம் லீடருக்கு ஏழு மீட்டர் மேலே. பல் அங்கே எட்டாது.

நங்கூரக் கயிற்றை விரித்துப் பார்த்தோம். முறுக்குகளுக்குள் ஆற்று மணல் அப்பியிருந்தது. ஒரு முழ நீளத்துக்கு நரம்பின் மஞ்சள் சாயம் கோடு கோடாக ஏறியிருந்தது. இழுவையில் இருக்கும் பின்னல் நரம்பு மணல் ஏறிய கயிற்றில் முன்னும் பின்னும் தேய்ந்தால் பத்து நிமிடம் தாங்கியதே பெரிய விஷயம். நரம்பைத் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது அந்த ஒழுங்கான கயிற்றுக்கு வருவோம். நாலு மீட்டர் ஆழத்துக்கு 24 மீட்டர் கயிறு என்றால், படகிலிருந்து 12 மீட்டர் தள்ளிக்கூட அது தண்ணீருக்கு அடியில் 2 மீட்டரில்தான் போகிறது. படகுக்கு முன்னால், ஓட்டம் வரும் பக்கம் முழுக்க, கண்ணுக்குத் தெரியாமல், சாய்வாக ஒரு வேலி. மீன் மேலே போய்க் குறுக்கே திரும்பினால் அந்த வேலியில் நரம்பு விழுந்தே தீரும். கயிற்றைக் குறைத்தால் வேலி குறையும், ஆனால் நங்கூரம் பிடிக்காது, ஓட்டத்தில் அணியமும் அமுங்கும். ஆகவே கயிறு நீளமாகத்தான் இருக்க வேண்டும், பெரிய மீன் வந்தால் அது அங்கே இருக்கவும் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்க ஒரே வழி, ஒரு நொடியில் கழற்றிவிடக்கூடிய நங்கூரம்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. பெரிய மீனுக்குப் படகில் போகிற பலர் செய்வதுதான். இருவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். செய்யவில்லை, அவ்வளவுதான். அது யாருடைய வேலை என்று பேசிக்கொள்ளவே இல்லை. படகில் ராடு பிடிக்க ஆள் இருந்தது, ராடைப் பார்க்க ஆள் இருந்தது. படகைப் பார்க்க ஆள் இல்லை. என் கணக்கில் அந்த மீன் 10.03-க்குப் போகவில்லை. சாயங்காலம் நான் அந்த மூன்று முடிச்சைப் போட்டபோதே போய்விட்டது.

மீன் எவ்வளவு பெரியது என்று கேட்டால், பார்க்கவில்லை என்பதுதான் பதில். பார்க்காத மீன் வாரத்துக்கு ஐந்து கிலோ வளரும். பெரியது என்ற சொல்லே கெளுத்தி விஷயத்தில் ஆபத்து. 2005-ல் வடக்குத் தாய்லாந்தில் மேகாங் ஆற்றில் பிடிபட்ட மேகாங் பெருங்கெளுத்தி 293 கிலோ. அதன் பக்கத்தில் நம்முடையதெல்லாம் குஞ்சு.

மாற்றியவை

ராடு நான்கிலிருந்து இரண்டானது. இதற்குத்தான் நண்பன் அதிகம் முரண்டு பிடித்தான். "நாலு போட்டாத்தானடா நாலு வாய்ப்பு" என்றான். அந்த ஆறு நிமிடத்தைப் பதிவில் திரும்பவும் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் பேசவில்லை.

நங்கூரக் கயிற்றின் முனையை ஐந்து லிட்டர் காலிக் கேனில் கட்டினோம். கேனிலிருந்து அணியத்துக்கு இரண்டு மீட்டர் தனிக் கயிறு, அதை உருவு முடிச்சாகப் போட்டோம்: வால் முனையை ஒரு இழு இழுத்தால் பிடிகொம்பை விட்டு மொத்தமும் கழன்றுவிடும். கேன் மிதந்து நங்கூரத்தின் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கரையிலேயே படகைக் கட்டி, நான் பின்னுக்கு இழுக்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை கழற்றினான். கண்ணை மூடச் சொன்னது அவன்தான், "இருட்டுல செய்யப்போறது" என்று. முதல் மூன்று முறை முடிச்சு இறுகியது. வாலை இன்னும் நீளமாக விட்ட பிறகுதான் சரியானது.

கத்தி அணியத்தில் உறையோடு. லைஃப் ஜாக்கெட் உடம்பில். ஒருவர் நின்றால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும்.

எப்போது கழற்றுவது என்பதில்தான் நிறைய விவாதம் நடந்தது. ஒவ்வொரு மீனுக்கும் கழற்றினால் இரவு முழுக்க நங்கூரம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசியில் நரம்பின் நிறத்தையே அளவுகோலாக்கினோம். இரை கிடந்த இடத்திலிருந்து ஒரு முழு நிறம், அதாவது பத்து மீட்டர் கூடுதலாக ஓடினால் கயிறு கழலும். முடிவு சொல்வது ராடு பிடித்தவன். கழற்றுவது மற்றவன். "பாத்துக்கோ" என்ற சொல்லுக்குப் படகில் தடை.

இரண்டாவது இரவு

பதினோரு நாள் கழித்து அதே மடு. ராடு அவன் முறை, படகு என் முறை. 11.15-க்கு அவனுடைய ராடு வளைந்தது. கையைத் தொடையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான், அதை நான் பார்த்தேன். ராடு தானாக முழுக்க மடங்கிய பிறகுதான் எடுத்தான். மஞ்சள் போய்ப் பச்சை வெளியேறி, அடுத்த நீலம் தொடங்கியது.

"கயிறு விடு" என்றான்.

வாலை இழுத்தேன். கேன் 'ளொடக்' என்று விழுந்து இருட்டில் மறைந்தது. படகு மீனின் பின்னால் நகர ஆரம்பித்தது. நங்கூரத்தில் கட்டிய படகில் மீனோடு மல்லுக்கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மீன் இழுக்கும் விசையில் பாதியைப் படகே வாங்கிக்கொள்கிறது. ரீல் கத்துவது குறைந்து, மூக்கணாங்கயிறு பிடித்துக்கொண்டு மாட்டின் பின்னால் நடப்பது போல ஆகிவிடுகிறது. நிம்மதியாக இருந்த நேரத்தில் விளக்கை அடித்துப் பார்த்தேன். வெளிக்கரையில் சாய்ந்து கிடந்த மரத்தை நோக்கி ஓட்டம் எங்களைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. மோட்டாரைப் போட்டு மெல்ல நடு ஆற்றுக்கு இழுத்தேன். அவன் ராடை அணியத்தை விட்டு நகர்த்தவில்லை. மோட்டார் பின்னால், நரம்பு முன்னால், அது மாறினால் விசிறியில் நரம்பு போகும்.

பதினேழு நிமிடத்தில் மீன் மேலே வந்தது. முதலில் குமிழிகள், பிறகு வெளுத்த வயிறு புரண்டு திரும்பியது, பிறகு அகலமான தலை. மீசை ஒன்று விளக்கு வெளிச்சத்தில் துணிநாடா மாதிரி அலைந்தது. நான் எதிர்ப்பக்கம் முழங்காலிட்டுக் கனத்தைச் சமன் செய்ய, அவன் கையுறையோடு கீழ்த்தாடையைப் பிடித்தான். முள் வாயின் ஓரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது. பக்கத் துடுப்பு முட்கள் இரண்டும் விறைத்து நின்றன. கெளுத்தி அந்த முள்ளை மூட்டில் பூட்டிக்கொண்டால் அழுத்தி மடக்க முடியாது. சின்ன மீனில் அது ஊசி, பெரிதில் ஆணி. அதன் அடிமூட்டிலிருந்து கர் கர் என்று ஒரு சத்தம் வந்தது. பல கெளுத்தி வகைகள் முள்ளை மூட்டில் தேய்த்து இப்படி ஒலி எழுப்பும். அலுமினியத்தின் வழியாக அது என் முழங்காலில் கேட்டது.

படகுக்குள் ஏற்றவில்லை. தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கி எடை பார்ப்பதும் இல்லை. தண்ணீரில் கிடக்கும் வரை அதன் கனத்தைத் தண்ணீர் தாங்குகிறது, தூக்கினால் மொத்தமும் தாடையிலும் முதுகெலும்பிலும்தான் தொங்கும். படகுத் துடுப்பில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம். மீனை ஒட்டிப் பிடித்துப் பார்த்ததில் 138. வாயிலிருந்த தூண்டில் முள்ளை எடுத்ததும் அவன் மீனை ஓட்டத்துக்கு எதிராக நிமிர்த்திப் பிடித்திருந்தான். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. வாலால் ஒரு வீச்சு, அவன் முகமெல்லாம் தண்ணீர்.

போன வாரத்து மீன் இதுதானா என்று கேட்டான். வாயில் பழைய முள்ளோ முள் இருந்த காயமோ இல்லை. இல்லை என்றேன்.

நங்கூரத்தை எடுக்கத் திரும்பினோம். நாங்கள் கட்டிய கேன் கருநீல நிறம். பகலில் கரையில் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. அமாவாசையை ஒட்டிய இரவில், ஓடும் தண்ணீரில், கைவிளக்கை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் தேடினோம். இரண்டு முறை மிதந்து வந்த கட்டையைக் கேன் என்று விரட்டிப் போனோம். கடைசியில் படகே அதன்மேல் மோதி 'ளொடக்' என்றது. இப்போது அந்தக் கேனில் வெளிச்சம் பட்டால் மின்னும் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, கழுத்தில் ஒரு பச்சை விளக்குக் குச்சியும் கட்டியிருக்கிறது. அதைக் கட்ட வேண்டியது யார் என்பதை இந்த முறை முன்கூட்டியே பேசிக்கொண்டோம்: அவன்.